செவிலியர்களின் பணிச்சோர்வும் வார்டு இன்சார்ஜின் தலைமையும்: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு வார்டிலிருந்து அடுத்தடுத்து மூன்று செவிலியர்கள் வேலையை விட்டுப் போகிறார்கள். ராஜினாமாக் கடிதத்தில் 'குடும்பக் காரணம்' என்றிருக்கும். அதே மருத்துவமனை, அதே சம்பளம், கிட்டத்தட்ட அதே கூட்டம் உள்ள பக்கத்து வார்டில் யாரும் அசையவில்லை. மருத்துவமனையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. இரண்டு வார்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அங்கே இருப்பவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் ஓர் ஆளைத்தான் சொல்வார்கள்: அந்த வார்டின் செவிலியர்களுக்குப் பொறுப்பாக இருக்கும் வார்டு இன்சார்ஜ்.

அந்தப் பொறுப்பில் இருப்பவர்களுக்காகவும், புதிதாக அந்தப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்காகவும், அவர்களுக்கு மேலே இருக்கும் நர்சிங் கண்காணிப்பாளர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இன்சார்ஜின் தலைமை ஒரு செவிலியரைச் சென்று சேர்வது பெரிய பேச்சுகளின் வழியாக இல்லை. ரோஸ்டர் (யாருக்கு எந்த நாள் எந்த டியூட்டி என்ற அட்டவணை) வழியாக, நோயாளிகளைப் பிரித்துக் கொடுக்கும் விதத்தின் வழியாக, ஒரு தவறு நடந்த அடுத்த நிமிடம் வரும் கேள்வியின் வழியாக, லீவு கேட்டவருக்குக் கிடைக்கும் பதிலின் வழியாக. எவ்வளவு அன்பாகப் பேசும் இன்சார்ஜாக இருந்தாலும் ரோஸ்டர் மோசமாக இருந்தால் அந்த வார்டு சோர்ந்துதான் போகும். அதனால் இந்த வழிகாட்டியில் குணநலன்களைப் பற்றிக் குறைவாகவும், செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

முதலில், எதைப் பணிச்சோர்வு என்கிறோம்

பர்ன்அவுட் என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் இந்த நிலையை 1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் எழுதி விவரித்தார். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் அதை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டார்கள். அதில் மூன்று கூறுகள் உண்டு. ஒன்று, உணர்வு வற்றிப்போவது. இரண்டாவது, நோயாளியிடமிருந்து மனம் விலகிப்போவது. மூன்றாவது, 'நான் செய்வதால் என்ன பயன்' என்று தன் வேலையின் மதிப்பே தனக்குக் குறைந்து தெரிவது.

வார்டில் இது எப்படித் தெரியும்? நோயாளியின் பெயரைச் சொல்லி வந்தவர் 'அந்த ஏழாம் நம்பர் பெட்' என்று சொல்லத் தொடங்குவார். ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தவர் எதுவும் கேட்காமல் தலையாட்டுவார். டியூட்டிக்கு அரை மணி முன்பே வந்தவர் கடைசி நிமிடத்தில் வருவார். லீவு முடிந்து திரும்பும்போதும் அதே களைப்போடு வருவார். இந்தக் கடைசி அறிகுறிதான் முக்கியம். சாதாரணக் களைப்பு இரண்டு நாள் நல்ல தூக்கத்தில் குறையும். பணிச்சோர்வு அப்படிக் குறையாது, ஏனென்றால் அதன் காரணம் வேலையிடத்தில் அப்படியே காத்திருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் தன் பதினோராவது நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. சரிவரக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தால் வரும், வேலை சார்ந்த நிலை என்றுதான் வரையறுத்திருக்கிறது. அந்த வகைப்பாடு 2022 முதல் நடைமுறையில் உள்ளது. இன்சார்ஜ்களுக்கு இந்த வரையறை ரொம்ப உதவும். 'அந்தப் பொண்ணுக்கு மனசு பலம் போதாது' என்று சொல்லி முடித்துக்கொள்ள இதில் இடமே இல்லை. அழுத்தம் எங்கிருந்து வருகிறது, அதை யார் கையாளாமல் விட்டார்கள் என்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்சார்ஜ் கையில் எவ்வளவு இருக்கிறது

எல்லாம் அவர் கையில் இல்லை. 2002-இல் லிண்டா ஐக்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு இன்றும் அதிகம் பேசப்படுகிறது. ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், அந்தச் செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23% கூடியது. அறுவைச் சிகிச்சை நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7% கூடியது. கலிஃபோர்னியா மாநிலம் 2004 முதல் செவிலியர்–நோயாளி விகிதத்தைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்தியது. எத்தனை பேரை வேலைக்கு எடுப்பது என்பதை வார்டு இன்சார்ஜ் தீர்மானிப்பதில்லை. ஆள் பற்றாக்குறையை இன்சார்ஜின் புன்னகையால் ஈடுகட்டச் சொல்லும் நிர்வாகம் செய்வது அநியாயம்.

ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. ஆள் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்திலும் அமெரிக்காவில் சில மருத்துவமனைகளை விட்டுச் செவிலியர்கள் போகவில்லை. அப்படிப்பட்ட 41 மருத்துவமனைகளை 1983-இல் அடையாளம் கண்டு படித்தார்கள். காந்தம்போல் செவிலியர்களை ஈர்க்கின்றன என்பதால் 'மேக்னெட்' மருத்துவமனைகள் என்று பெயரும் வைத்தார்கள். எளிதில் அணுகக்கூடிய மேலாளர்கள், முடிவெடுப்பதில் செவிலியருக்குப் பங்கு, வேலையில் சுதந்திரம் ஆகியவை அங்கே திரும்பத் திரும்பத் தென்பட்டன. பின்னர் 2002-இல் ஐலீன் லேக் உருவாக்கிய, செவிலியரின் பணிச்சூழலை அளக்கும் 31 கேள்விப் படிவத்தில் ஐந்து பகுதிகள் உண்டு. அதில் ஒரு முழுப் பகுதி செவிலிய மேலாளரின் திறமை, தலைமை, ஆதரவு பற்றியது.

மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் பணிச்சோர்வு முளைக்கும் இடங்களாக ஆறைச் சொல்கிறார்கள்: வேலைப்பளு, தன் வேலைமீது தனக்குள்ள பிடி, பாராட்டும் பலனும், கூட வேலை செய்பவர்களோடு உறவு, நியாயம், மதிப்பீடுகள். இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி, 'இதில் எதை நான் நாளைக்கே மாற்ற முடியும்' என்று ஒவ்வொரு இன்சார்ஜும் தன்னைக் கேட்டுப் பார்க்க வேண்டும். வேலைப்பளுவில் ஒரு பகுதிதான் கையில் இருக்கும். நியாயம் ஏறக்குறைய முழுவதும் கையில் இருக்கும். அதனால்தான் கீழே வரும் படிகளில் நியாயம் அடிக்கடி வருகிறது.

படி 1: இப்போது நிலைமை என்ன என்று பாருங்கள்

கணக்கெடுப்பு நடத்துவதற்கு முன், ஏற்கெனவே உங்கள் மேசையில் இருப்பதைப் படியுங்கள். கடந்த ஆறு மாத லீவு பதிவேடு, திடீர் உடல்நலக்குறைவு லீவுகள், கூடுதல் டியூட்டி நேரம், மறுக்கப்பட்ட லீவுகள், இடமாற்றம் கேட்டவர்கள், சம்பவ அறிக்கைகள் (வார்டில் நடந்த தவறுகளையும் விபத்துகளையும் எழுதிக் கொடுப்பவை). இவற்றை ஷிஃப்ட் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் சில நேரம் நேராகக் காரணத்திலேயே போய் நிற்கும். ஒரே ஆள் தொடர்ந்து திங்கள் காலை வராமல் இருக்கிறார் என்றால் அவரை முறைப்பதற்கு முன், ஞாயிறு இரவு டியூட்டி யாருக்குப் போகிறது என்று பாருங்கள்.

அப்புறம் கேள்வித்தாள். மாஸ்லாக் படிவத்தைப் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும். 2005-இல் கிறிஸ்டென்சன் குழுவினர் வெளியிட்ட கோபன்ஹேகன் படிவத்தை இலவசமாகப் பயன்படுத்தலாம். 19 கேள்விகள்தான். சொந்த வாழ்க்கைக் களைப்பு, வேலையால் வரும் களைப்பு, நோயாளிகளோடு பழகுவதால் வரும் களைப்பு என மூன்றாகப் பிரித்துக் காட்டும். எந்தக் களைப்பு என்று தெரிந்தால் எங்கே கை வைப்பது என்றும் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது: 15 பேர் உள்ள வார்டில் வயதும் பணி அனுபவமும் கேட்டாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். எனவே அவற்றைக் கேட்காதீர்கள். தாள்களை உங்கள் கையில் வாங்காதீர்கள். வேறு துறையில் உள்ள ஒருவர் வாங்கித் தொகுத்துத் தரட்டும். முடிவை நல்லது கெட்டது எதையும் மறைக்காமல் எல்லோருக்கும் காட்டுங்கள். எதையும் மாற்றுகிற எண்ணம் இல்லையென்றால் கணக்கெடுப்பே வேண்டாம். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது, கேட்காமல் இருந்ததைவிட மோசமான விளைவைத் தரும்.

படி 2: ரோஸ்டரைச் சரி செய்யுங்கள்

ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு செவிலியரின் தூக்கம், குழந்தையின் பள்ளி, வயதான பெற்றோரின் மருந்து, திருமண வாழ்க்கை எல்லாமே இந்த ஒரு தாளில்தான் தொங்குகின்றன. இன்சார்ஜ் எப்படிப்பட்டவர் என்பதை ஊழியர்கள் படிப்பதும் இதே தாளில்தான்.

குறைந்தது நான்கு வாரம் முன்பாக ரோஸ்டரை ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு, சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் மாற்றாதீர்கள். காலையில் வந்து பார்த்தால் இரவு டியூட்டி போட்டிருக்கிறது என்ற நிலையில் வாழ்கிறவரால் சொந்த வாழ்க்கையில் எதையுமே திட்டமிட முடியாது. தன் வேலைமீது தனக்குப் பிடியில்லை என்ற உணர்வு அங்கேதான் பிறக்கிறது.

இரண்டு டியூட்டிகளுக்கு நடுவே 11 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டு வேலைநேர விதி கேட்பதும் இதைத்தான்: ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு. மாலை ஷிஃப்ட் முடித்து இரவு பத்து மணிக்குக் கிளம்புகிறவரை மறுநாள் காலை ஏழு மணிக்கு வரச் சொல்வது பல வார்டுகளில் வழக்கமாகிவிட்டது. வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, மறுபடி கிளம்பும் நேரத்தைக் கழித்துப் பாருங்கள். ஐந்து மணி நேரத் தூக்கம்கூடத் தேறாது. அந்தத் தூக்கத்தோடுதான் அவர் இன்சுலின் அளக்கப் போகிறார்.

ஷிஃப்டைச் சுழற்றும்போது காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழற்றுங்கள். தூக்கத்தைத் தள்ளிப்போடுவது உடலுக்கு ஓரளவு எளிது, முன்னால் இழுப்பது கடினம். தொடர்ச்சியான இரவு டியூட்டியை மூன்றோடு நிறுத்தப் பாருங்கள். இரவுகள் முடிந்தபின் கிடைக்கும் அந்த முதல் நாளை 'ஆஃப்' என்று கணக்கில் எழுதுவது ஏமாற்று வேலை. அன்று பகல் முழுக்க அவர் தூங்கித்தான் ஆக வேண்டும். அதற்கு அடுத்த நாள்தான் உண்மையான ஆஃப்.

நீண்ட ஷிஃப்டுகள் பற்றி ஒரு வார்த்தை. வாரத்தில் மூன்றே நாள் வேலை என்பதால் 12 மணி நேர ஷிஃப்டைப் பல செவிலியர்களே விரும்பிக் கேட்கிறார்கள், அது உண்மை. ஆனால் 2012-இல் ஸ்டிம்ஃபெல், ஸ்லோன், ஐக்கன் மூவரும் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், 10 மணி நேரமோ அதற்கு மேலோ ஷிஃப்ட் பார்க்கும் செவிலியர்களுக்குப் பணிச்சோர்வு வரும் வாய்ப்பு, குறுகிய ஷிஃப்ட் பார்ப்பவர்களைவிட இரண்டரை மடங்கு வரை கூடுதலாக இருந்தது. ஆகவே நீண்ட ஷிஃப்ட் வைத்தே தீர வேண்டும் என்றால், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட ஓவர்டைம் கேட்காதீர்கள், மூன்று நாளுக்கு மேல் தொடர்ச்சியாகவும் போடாதீர்கள்.

இனி நியாயம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொருவருக்கும் இந்த வருடம் எத்தனை இரவு, எத்தனை வார இறுதி, எத்தனை பண்டிகை நாள் டியூட்டி விழுந்தது என்று எழுதி, யார் வேண்டுமானாலும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். கல்யாணம் ஆகாதவர்தானே, குழந்தை இல்லாதவர்தானே என்று சிலர் தலையிலேயே பண்டிகை டியூட்டியைக் கட்டுவது பல வார்டுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத மனக்கசப்பு. கணக்கு வெளியே தெரிந்தால் அந்தக் கசப்பில் பாதி அடங்கிவிடும்.

முடிந்தால் அவர்களே டியூட்டியைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். விதிகளை முதலில் சேர்ந்து பேசி எழுதுங்கள்: ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் குறைந்தது எத்தனை பேர், அதில் அனுபவமுள்ளவர் எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை இரவு. பிறகு எல்லோரும் தங்கள் பெயரை எழுதட்டும், இடிக்கும் இடத்தை மட்டும் நீங்கள் தீருங்கள். முதல் இரண்டு மாதம் குழப்பமாகத்தான் இருக்கும். அதற்காக விட்டுவிடாதீர்கள். இரவு ஷிஃப்டில் புதியவர்கள் இருவரை மட்டும் தனியாக விடக்கூடாது என்ற விதியை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆஃப் நாளில் வாட்ஸாப் செய்தி அனுப்பாதீர்கள். ஆள் வரவில்லை என்றால் யாரை, எந்த வரிசையில் கூப்பிடுவது என்று முன்பே பேசி வைத்திருங்கள். 'மாட்டேன்' என்று சொல்பவரை அடுத்த ரோஸ்டரில் பழிவாங்காதீர்கள். எப்போதும் 'சரி' சொல்பவரையே கூப்பிட்டுக்கொண்டிருந்தால் முதலில் விழுவது அவராகத்தான் இருக்கும்.

படி 3: ஆள் குறைவான நாளில் எதை விடுவது என்று நீங்கள் சொல்லுங்கள்

நோயாளிகளைத் தலை எண்ணிப் பிரிக்காதீர்கள். வெண்டிலேட்டரிலிருந்து நேற்று வந்தவரும் நாளை டிஸ்சார்ஜ் ஆகப்போகிறவரும் கணக்கில் ஒன்றுதான், வேலையில் ஒன்றில்லை. 'சுலபம், நடுத்தரம், கடினம்' என்று மூன்றாகக் குறித்துக்கொண்டு பிரித்தாலே போதும். கடினமான நோயாளிகளை நன்றாகப் பார்க்கிறார் என்பதற்காக ஒரே செவிலியருக்கே தினமும் கொடுப்பது, திறமைக்குத் தண்டனை கொடுப்பதாக ஆகிவிடும்.

ஐந்து பேர் பார்க்க வேண்டிய வேலையை மூன்று பேர் பார்க்கும் நாட்கள் வரும். அன்று எல்லா வேலையும் நடக்காது. நடக்காது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் எது நடக்காது என்பதை யாரும் சொல்வதில்லை. எதை விடுவது என்று செவிலியர் தனக்குள் முடிவெடுத்து, அந்தக் குற்ற உணர்வையும் தானே வீட்டுக்குச் சுமந்து போகிறார். செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாத நிலையில் வரும் இந்த வேதனையை 1984-இல் ஆண்ட்ரூ ஜேமட்டன் என்ற மெய்யியலாளர் விவரித்தார். பணிச்சோர்வுக்கு இட்டுச்செல்லும் வழிகளில் இது மிக ஆழமானது என்பது என் எண்ணம். நல்ல செவிலியரைத்தான் இது அதிகம் தாக்குகிறது.

இதற்கு இன்சார்ஜ் செய்யக்கூடியது எளிது, ஆனால் துணிவு வேண்டும். ஷிஃப்ட் தொடங்கும்போதே நின்று சொல்லுங்கள்: "இன்னைக்கு மூணு பேர்தான் இருக்கோம். மருந்து, வைட்டல்ஸ், நிலைமை மோசமானவங்களைத் திரும்பிப் படுக்க வைக்கிறது, இது மூணும் கட்டாயம். ஸ்டாக் எண்ணுறது வேண்டாம். பெட்ஷீட் அழுக்கானதை மட்டும் மாத்துங்க. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க." இதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போடுங்கள். முடிவின் பொறுப்பு அந்த ஒரு கையெழுத்தில் செவிலியர் தோளிலிருந்து உங்கள் தோளுக்கு மாறுகிறது.

சாப்பாட்டு இடைவேளையைப் பற்றிப் பேசிப் பயனில்லை, மாற்று ஆள் வேண்டும். "போய்ச் சாப்பிடுங்க" என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். "உங்க நோயாளிகளை நான் பார்த்துக்கறேன், போய்ச் சாப்பிடுங்க" என்றால்தான் அவரால் எழுந்து போக முடியும்.

செவிலியர் வேலையில்லாத வேலைகளையும் கொஞ்சம் கவனியுங்கள். சக்கர நாற்காலி தேடுவது, மருந்தகத்துக்குத் திரும்பத் திரும்ப ஃபோன் செய்வது, ரத்த மாதிரியைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடுவது. மாதம் ஒன்றை எடுத்து, சம்பந்தப்பட்ட துறையோடு உட்கார்ந்து பேசித் தீருங்கள். சின்ன விஷயங்கள்தான், ஆனால் இன்சார்ஜ் நமக்காகப் போய்ச் சண்டை போடுகிறார் என்று வார்டுக்குத் தெரிவது இங்கேதான்.

படி 4: தவறு நடந்த முதல் ஒரு மணி நேரம்

1990-களில் ஏமி எட்மண்ட்சன் இரண்டு மருத்துவமனைகளின் எட்டு வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவானதோ அங்கேதான் அதிகம். அந்த வார்டுகளில் தவறைப் பற்றிப் பேசப் பயமில்லை, அதனால் தவறுகள் வெளியே வந்தன; மற்ற இடங்களில் மறைந்தன என்பதே அவர் கண்ட விளக்கம். உங்கள் வார்டில் சம்பவ அறிக்கையே வருவதில்லை என்றால் பெருமைப்பட அவசரப்படாதீர்கள்.

தவறு செய்த செவிலியரும் காயப்படுகிறார். ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர் 2000-இல் இப்படிப்பட்டவர்களை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று அழைத்தார். அந்த நேரத்தில் இன்சார்ஜ் நடந்துகொள்ளும் விதம் வருடக்கணக்கில் மறக்காது.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் நோயாளி: பாதுகாப்பாக இருக்கிறாரா, மருத்துவருக்குச் சொல்லியாயிற்றா என்று பாருங்கள். அடுத்து அந்தச் செவிலியரை நோயாளிகள் முன்பிருந்து தனியிடத்துக்குக் கூட்டிப் போங்கள், அவருடைய வேலையைக் கொஞ்ச நேரம் வேறொருவர் பார்க்கட்டும். "ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று தொடங்காதீர்கள். "என்ன நடந்ததுன்னு முதல்லேர்ந்து சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது கவனித்தால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மருந்துக் குப்பிகள், நடுவில் வந்த மூன்று ஃபோன் அழைப்புகள், ஷிஃப்டின் ஒன்பதாவது மணி நேரக் களைப்பு எல்லாம் வெளியே வரும். சாதாரண மனிதத் தவறா, எல்லோருமே பழக்கத்தில் எடுக்கும் குறுக்குவழியா, தெரிந்தே செய்த அலட்சியமா என்று பிரித்துப் பாருங்கள். முதலாவதுக்கு ஆறுதலும் அமைப்பில் மாற்றமும், இரண்டாவதுக்குப் பயிற்சியும் அந்தக் குறுக்குவழி ஏன் தேவைப்படுகிறது என்ற விசாரணையும். ஒழுங்கு நடவடிக்கை மூன்றாவதுக்கு மட்டும்.

இரண்டு நாள் கழித்து மறுபடி அவரிடம் போய், தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் விட்டுப்போவது இந்தச் சந்திப்புதான்.

படி 5: நடுவில் நில்லுங்கள்

மருத்துவர் எல்லோர் முன்னாலும் கத்துகிறார், நோயாளியின் உறவினர் கையை ஓங்குகிறார், மூத்த செவிலியர் ஒருவர் புதியவரைத் தொடர்ந்து மட்டம் தட்டுகிறார். மூன்றிலும் இன்சார்ஜ் அன்றைக்கே ஏதாவது செய்ய வேண்டும். ஒரு வாரம் கழித்து எடுக்கும் நடவடிக்கை எவ்வளவு கடுமையாக இருந்தாலும், அந்த ஒரு வாரம் யாரும் தனக்காக வரவில்லை என்பதுதான் மனதில் தங்கும். மருத்துவர் விஷயத்தில், "டாக்டர், இதை நாம தனியாப் பேசலாம். அவங்களுக்குச் சொல்ல வேண்டியதை எங்கிட்ட சொல்லுங்க" என்று குறுக்கே போய் நின்றாலே பாதி முடிந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களை இங்கே தனியாகக் கவனியுங்கள். கனடாவில் ஹெதர் லாஷிங்கர் புதிய செவிலியர்களிடம் நடத்திய ஆய்வுகளில், ஒளிவுமறைவில்லாமல், சொல்வதும் செய்வதும் ஒன்றாக இருக்கும் மேலாளரின் கீழ் வேலை செய்தவர்கள் குறைவான கொடுமைக்கும் குறைவான சோர்வுக்கும் ஆளானதாகச் சொன்னார்கள். முதல் ஆறு மாதத்துக்கு ஒரு துணை ஆளை நியமியுங்கள். அந்தத் துணை ஆளுக்கும் அன்று நோயாளிகளைக் குறைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் கற்றுக்கொடுப்பது அவருக்கு இன்னொரு சுமையாகிவிடும்.

நோயாளி இறந்த அன்று, குறிப்பாகக் குழந்தையோ நெடுநாள் வார்டில் இருந்தவரோ இறந்த அன்று, ஷிஃப்ட் முடியும் முன் ஐந்து நிமிடம் எல்லோரையும் ஒன்றாக நிறுத்திப் பேசுங்கள். அதே படுக்கைக்கு அடுத்த நோயாளி பத்து நிமிடத்தில் வருவதைத் தடுக்க முடிந்தால் தடுங்கள்.

படி 6: ஆளுக்கு 15 நிமிடம் பேசுங்கள்

மாதம் ஒருமுறை, ஒவ்வொருவரிடமும், டியூட்டி நேரத்துக்குள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் "நல்லா இருக்கேன் சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: "போன வாரம் டியூட்டியில உங்களை ரொம்பப் படுத்துனது எது?" "இந்த வார்டுல ஒரு விஷயத்தை மாத்தலாம்னா எதை மாத்துவீங்க?" பதிலை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம், "நீங்க சொன்ன அந்த பம்ப் விஷயம் பேசியாச்சு, புதுசு வர இன்னும் மூணு வாரமாகும்" என்று அதிலிருந்தே தொடங்குங்கள். செய்ய முடியாததை, முடியாது என்றும் ஏன் என்றும் சொல்லுங்கள்.

பாராட்டும்போது நிகழ்ச்சியைச் சொல்லிப் பாராட்டுங்கள். "எல்லாரும் நல்லா வேலை செய்றீங்க" என்பது காற்றோடு போய்விடும். "நேத்து ராத்திரி அந்த அம்மாவுக்கு மூச்சு மாறுனதை நீங்கதான் முதல்ல கவனிச்சீங்க, அதனாலதான் நேரத்துக்கு ஐசியூவுக்கு மாத்த முடிஞ்சது" என்பது தங்கும்.

தலைமைப் பாணிகள் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. 1978-இல் ஜேம்ஸ் மெக்ரிகர் பர்ன்ஸும் 1985-இல் பெர்னார்ட் பாஸும் வளர்த்தெடுத்த, ஊழியர்களை ஊக்கி மாற்றும் தலைமை என்ற கருத்து செவிலியர் ஆய்வுகளில் அதிகம் வருகிறது. அப்படிப்பட்ட மேலாளர்களின் கீழ் சோர்வு குறைவாகவே பதிவாகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது எதிர்முனை. எந்தப் பிரச்சினையிலும் முடிவெடுக்காமல், 'பார்க்கலாம்' என்று தள்ளிக்கொண்டே போகும் இன்சார்ஜ், கண்டிப்பான இன்சார்ஜைவிட வார்டை அதிகம் வாட்டுகிறார்.

படி 7: ஏற்கெனவே சோர்ந்துபோன ஒருவர் இருந்தால்

தனியாக, அவசரமில்லாத நேரத்தில், நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லித் தொடங்குங்கள்: "முன்னெல்லாம் ஹேண்டோவர்ல நிறைய கேப்பீங்க, இப்ப ரொம்ப அமைதியாயிட்டீங்க. என்னாச்சுன்னு கேக்கலாமா?" அப்புறம் பேசாமல் இருங்கள். அவர் பேசட்டும். அறிவுரை அன்று வேண்டாம்.

அடுத்து, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு மாற்றத்தைச் சேர்ந்து முடிவு செய்யுங்கள்: ஆறு வாரம் இரவு டியூட்டி இல்லை, அல்லது தொடர்ச்சியாக இரண்டு வார லீவு, அல்லது கொஞ்ச நாள் வேறு பகுதி. இது சலுகை என்று மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். காரணத்தை வெளியில் சொல்லாதீர்கள், "தேவைப்பட்டா உங்களுக்கும் இதையேதான் செய்வேன்" என்று மட்டும் சொல்லுங்கள். சொன்னபடி செய்யவும் வேண்டும்.

வேலையில் மட்டுமல்லாமல் எதிலுமே மகிழ்ச்சியில்லை, சாப்பாடு தூக்கம் இல்லை, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு வந்தால் அது பணிச்சோர்வைத் தாண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். அதைப் பார்க்க வேண்டியவர் மருத்துவர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படாது. உண்டு என்றால் அவரைத் தனியாக விடாமல், அன்றே உதவிக்கு அழைத்துப் போங்கள். மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் வேலை இது.

படி 8: மேலே எடுத்துச் செல்லுங்கள், உங்களையும் கணக்கில் சேருங்கள்

நிர்வாகத்திடம் போகும்போது ஒரே பக்கம் கொண்டு போங்கள். கடந்த மூன்று மாதத்தில் எத்தனை ஷிஃப்ட் ஆள் குறைவாக ஓடியது, எத்தனை மணி நேரம் ஓவர்டைம், எத்தனை பேர் விலகினார்கள், அந்த நாட்களில் எத்தனை சம்பவ அறிக்கை. மேலே சொன்ன ஐக்கன் ஆய்வின் 7% கணக்கையும் சேருங்கள். 2024-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 32 நாடுகளின் 85 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, செவிலியரின் பணிச்சோர்வு கூடும் இடத்தில் நோயாளிப் பாதுகாப்பும் பராமரிப்புத் தரமும் குறைவாக இருப்பதைக் காட்டியது. 'எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்பதைவிட 'நோயாளிக்கு ஆபத்து' என்பது நிர்வாகக் கூட்டத்தில் சீக்கிரம் கேட்கும்.

நிர்வாகம் பதிலுக்கு யோகா வகுப்பும் மன உறுதிப் பயிற்சியும் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், அவை கெடுதலில்லை. டியூட்டி நேரத்துக்குள் நடத்தச் சொல்லுங்கள். ஆள் எண்ணிக்கைக்கும் ரோஸ்டருக்கும் பதிலாக அவற்றை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கண்காணிப்பாளர்களுக்கு ஒன்று. கனடாவில் டயான் டோரன் குழு 2004-இல் கண்டது: ஒரு மேலாளரின் கீழ் ஆட்கள் அதிகமாகிக்கொண்டே போனால், எவ்வளவு நல்ல தலைமைப் பாணியாலும் அதை ஈடுகட்ட முடிவதில்லை. 80 பேருக்கு ஒரே இன்சார்ஜை வைத்துவிட்டு, மேலே சொன்ன மாதாந்திரச் சந்திப்புகளை எதிர்பார்க்க முடியாது. ஆளுக்கு 15 நிமிடம் என்றால் அதற்கு மட்டுமே 20 மணி நேரம் வேண்டும். எழுத்துவேலைக்கு ஒருவரையும், துணை இன்சார்ஜ் ஒருவரையும் கொடுங்கள். இன்சார்ஜும் ஒரு செவிலியர்தான், அதே படிவத்தை அவரிடமும் நிரப்பச் சொல்லுங்கள்.

எட்டுப் படியையும் ஒரே மாதத்தில் தொடங்க வேண்டாம். முதல் மாதம் பதிவேடுகளைப் பார்ப்பது, கேள்வித்தாள், ரோஸ்டரில் 11 மணி நேர விதி. இரண்டாம் மாதம் இரவு–பண்டிகைக் கணக்கு நோட்டும், தனிச் சந்திப்புகளும். ஆள் குறைவான நாளுக்கான பட்டியலை மூன்றாம் மாதத்துக்குள் எழுதி ஒட்டிவிடலாம். ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளை, வார்த்தை மாறாமல், மறுபடி கேளுங்கள். எண்கள் அசையவில்லை என்றால் முதலில் ரோஸ்டரை எடுத்து, 11 மணி நேர விதி எத்தனை முறை, யாருக்கு, எதற்காக மீறப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள்.